அண்டை எழுத்து

அப்பியாசக் கொப்பி ஒன்றின் நடுத்தாளைக் கிழித்து, அதில் பதினொரு பெயர்களை எழுதி வைத்திருந்தாள் தம்பி மகள். குழந்தை பிறந்து முப்பது நாள் கடந்துவிட்டது. அம்பிட்டிய வீதியிலிருந்து படிகளில் இறங்கிப் போகவேண்டிய வீடு அது. முன்னறைத் தொட்டிலில் குழந்தை கிடந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாள் என் கைக்கு வந்தபோது, பதினொன்றில் ஏழு பெயர்களின் மேல் கோடு விழுந்திருந்தது.

"பைபிள்ல உள்ள பேரா இருக்கணும் பெரியப்பா. கூப்பிட்டா மெதுவா இருக்கணும். சிங்களத்துல எழுதுனாலும் கெட்டுப்போகக் கூடாது."

ரெபெக்காள் போய்விட்டாள், 'க்கா' காதில் இடிக்கிறதாம். தபீத்தாளும் யூதித்தும் எஸ்தரும் அதே குற்றத்துக்காகத் தள்ளுபடி. மிச்சம் நின்றவை அன்னா, லேயா, மரியா, நகோமி.

இளந்தாயின் பிடிவாதம் என்று இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. கண்டி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கும் தாய்மாரை எண்ணிப் பார்ப்போம். சிங்களத் தாய்க்கு முதல் எழுத்தைச் சோதிடர் குறித்துக் கொடுப்பார். நம் இந்துத் தாய்க்கு அதை நட்சத்திரம் கொடுக்கும். கிறிஸ்தவத் தாய்க்கு எழுத்துக் கொடுத்தனுப்ப ஒருவருமில்லை. கோயில் நாட்காட்டியில் அன்றைய புனிதர் ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். அந்தச் சுதந்திரத்தில் அவள் தன் காதை நம்புகிறாள். ஒரு பெயர் மெல்லெனக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படும்போது நாம் எதற்கு ஆசைப்படுகிறோம் என்பது, பெயரைத் தேர்ந்து முடித்த பின்னும் நம்மை விடாத கேள்வி.

தாளில் மிஞ்சிய நாலாவது பெயரில் என் கண் நின்றது. ந, மி இரண்டும் மெல்லினம். நடுவில் ஒரு வல்லினம் உட்கார்ந்திருக்கிறது: கோ. அவள் வகுத்த நியாயப்படி அதுவும் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஏன் தப்பியது?

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒப்பித்ததுதான்: க ச ட த ப ற வல்லினம், ங ஞ ண ந ம ன மெல்லினம். ஒப்பித்தபோது கவனிக்காதது ஒன்று உண்டு. கல் என்று சொல்லும்போது அந்தக் க, கல்லாகவே விழுகிறது. அகல் என்னும்போது அதே க இளகிக் காற்றாகிறது. தங்கம் என்னும்போது ஙகரத்தின் தோளில் சாய்ந்து குழைந்துவிடுகிறது. வரிவடிவம் மாறவில்லை. சொல்லின் முதலில் நின்றாலோ இரட்டித்தாலோ வன்மை; இருபுறமும் உயிர் நின்றால், அல்லது முன்னால் ஒரு மெல்லெழுத்து நின்றால் மென்மை. நம் பக்கத்து மொழியான சிங்களம் இந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து வைத்திருக்கிறது. தமிழ் ஒன்றையே வைத்துக்கொண்டு, இதன் ஒலி என்னவென்று அண்டை எழுத்தைக் கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டது. நகோமியின் நடுவில் இருக்கும் வல்லெழுத்துக்கு மென்மை அதன் அண்டையிலிருந்து வருகிறது. இலக்கண ஆசிரியர்கள் இதை ஒலியியல் என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அப்படி நகர முடியவில்லை.

வேற்று நாட்டுப் பெயர்கள் நம் வாய்க்கு வந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயர் போர்த்துக்கேயரின் நாவில் யோசே ஆகி, முத்துக்குளிக்கும் கரைகளில் இறங்கி, சூசை ஆனது; சூசையப்பர், சூசைப்பிள்ளை, சூசைமுத்து என்று நம் வீட்டு மனிதராகி உட்கார்ந்துகொண்டது. வீரமாமுனிவர் வேறொரு வழியில் போனார். பெருகச் செய்தல் என்னும் அந்தப் பெயரின் பொருளைப் பிடித்து, தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்று அழைத்தார். லத்தீனில் சிறியவன் என்று பொருள்படும் பவுல், கத்தோலிக்கரிடம் சின்னப்பர் ஆனார். யோவான் என்றால் கடவுள் அருள்புரிந்தார் என்று பொருள், அதனால் அருளப்பர். மரியாளின் பட்டங்கள்கூட நம் பாட்டிமாரின் பெயர்களாயின: ஆரோக்கியம், அடைக்கலம், சகாயம், அமலோற்பவம், செபமாலை. ஓசையைத் தட்டிப் பக்குவமாக்கியது ஒரு வழி. பொருளை உருக்கி வேறு அச்சில் வார்த்தது மற்றது. இரண்டிலும் நடந்தது ஒரே காரியம்: தூரத்திலிருந்து வந்தவரை வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டோம். (சூசை என்ற பெயரை இன்று யாரும் குழந்தைக்கு இடுவதில்லை, பழைய வாடை அடிக்கிறதாம். யோசேப்பை ஜோசப் ஆக்கிக்கொண்டதால் புதிதாக என்ன வாசம் வந்ததென்று எனக்குத் தெரியவில்லை.)

யோவானுக்குப் பெயரிட்ட அன்றைக்கும் வீட்டில் தகராறுதான். எட்டாம் நாள் கூடிய உறவினர் தகப்பன் பெயரான செக்கரியாவையே பிள்ளைக்கு வைக்கப் பார்த்தார்கள். தாய் எலிசபெத் மறுத்து யோவான் என்றாள். உங்கள் உறவுமுறையில் அப்படி ஒரு பெயரே இல்லையே என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் தகப்பனைச் சைகையால் கேட்டார்கள். அவரோ அப்போது ஊமையாயிருந்தார். எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, தாய் சொன்ன பெயரையே எழுதினார். எழுதிய உடனே நாக்கு அவிழ்ந்தது. இந்தப் பெயருக்கும் வீரமாமுனிவர் தமிழில் ஒன்று கண்டார்: கருணையன். எவ்வளவு குளிர்ந்த பெயர்! ஆனால் அந்தப் பெயரைத் தாங்கியவர் வளர்ந்து வனாந்தரத்தில் நின்று பேசியபோது, கேட்டவர்களை விரியன் பாம்புக் குட்டிகள் என்றார். அரசன் முகத்துக்கு நேரே அவன் குற்றத்தைச் சொல்லித் தலையை இழந்தார். மென்மையான பெயர் மென்மையான மனிதரை உண்டாக்கிவிடும் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்வது நல்லது. பெயர் அப்படிக் கட்டளையிடும் மந்திரமாக இருந்தால் வாழ்க்கை மிகவும் எளிதாகியிருக்கும்.

அப்படியானால் பெயர் என்ன செய்கிறது?

நாம் வாழும் ஊரையே கேட்கலாம். 'கந்த உட ரட்ட', மலைமேல் நாடு என்று சிங்களத்தில் சொன்னதைப் போர்த்துக்கேயர் பாதியில் நறுக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டே ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் கண்டி என்று நிலைத்தது. ஊரின் சிங்களவர் அதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு இது மகநுவர, பேச்சில் வெறும் நுவர. ஒரே ஏரி, ஒரே மாளிகை, ஒரே மலைவளையம். கூப்பிடும் வாய்க்கேற்ப ஊர் வேறு.

மனிதருக்கும் இதே ஊரில் இது நடந்திருக்கிறது. 1651இல் கோவாவில் பிறந்த யோசே வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையை ஒடுக்கியிருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். 1692இல் கண்டிக்கு வந்தபோது இந்த ஊர் அவருக்கு இட்ட முதல் பெயர் ஒற்றன். போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் அடைத்தார்கள். 1696இல் பெரும் வறட்சி. அவர் மன்றாடினார், மழை பெய்தது என்று மரபு சொல்கிறது. அடுத்த ஆண்டு வைசூரி பரவி, சொந்த பந்தங்களே நோயாளிகளை விட்டு ஓடியபோது, அவர்கள் அருகே போய் உட்கார்ந்தவர் அந்த ஒற்றன்தான். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். ஒற்றனுக்கும் புனிதருக்கும் இடையே அந்த மனிதரின் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவரைச் சுற்றி நின்று அழைத்தவர்களின் மனம் மாறியிருந்தது.

இனி என் வீட்டுக் கதை. கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தவர் என் அப்பாயி. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் ஏழெழுத்து. மாதாவின் பட்டங்களில் ஒன்று. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அது மூன்றெழுத்து. எழுதியவருக்கு அவசரமோ, எழுத்துக்கூட்டச் சோம்பலோ, இப்போது கேட்க முடியாது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அந்த மூன்றெழுத்தைக் கத்திக் கூப்பிட்டார்கள். அவரும் 'வந்துட்டேன்' என்றார். தோட்டத்துப் பேச்சில் பேர் என்பதற்கு இன்னொரு பொருள் இருப்பது மலையகத்தாருக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். "இன்னைக்கு அரைப் பேருதான் விழுந்துச்சு" என்று அப்பாயி லயத்து வாசலில் கூடையை இறக்கிவைத்துச் சொன்னது என் காதில் இருக்கிறது. ஏற்கெனவே பாதியாக்கப்பட்ட பெயரில் அன்றைக்கு மறுபடியும் பாதி. சொல்லிவிட்டு அவர் சிரித்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

எழுத்தில் நேர்ந்த அந்த அலட்சியம் சிரிப்போடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இந்த மண்ணில் பிறந்தார் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தார்கள் என்றோ நிரூபி என்று கேட்டபோது, காட்டுவதற்குப் பத்திரம் இல்லாதவர்களும், இருந்த பத்திரங்களில் ஒன்றோடொன்று ஒட்டாத பெயர் இருந்தவர்களும் நாடற்றவர்களாக நின்றார்கள். இன்றும் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர் என்று மூன்றையும் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலையும் பிள்ளைகளை நமக்குத் தெரியும். சிங்களத்தில் எழுதினாலும் கெடக்கூடாது என்று தம்பி மகள் சொன்னபோது நான் சிரிக்காததற்குக் காரணம் இது. அவள் கேட்டது இனிய ஓசையை மட்டுமல்ல. தன் மகளுக்கு அறிமுகமில்லாத ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், அவளை உடைக்காமல் கூப்பிட வேண்டும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

நகோமிக்குத் திரும்புவோம். எபிரேயத்தில் இனிமை என்று பொருள் தரும் பெயர். அதைத் தாங்கியவளுக்கு வாய்த்த வாழ்வு இனிமையானதல்ல. பஞ்சத்துக்குப் பயந்து பெத்லகேமை விட்டுக் கணவனோடும் இரண்டு மகன்மாரோடும் மோவாபுக்குப் போனாள். அந்த அயல் மண்ணில் மூவரையும் பறிகொடுத்தாள். மருமகள் ரூத் ஒருத்தியின் துணையோடு, வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நாளில் ஊர் திரும்பினாள். ஊர்ப் பெண்கள் திகைத்து, இவள் நகோமியா என்றார்கள். அவளுக்கு அந்தப் பெயரைக் கேட்கவே பொறுக்கவில்லை. இனி என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், கசப்பு என்று பொருள்படும் மாரா என்றே கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஒரு பெண் தன் பெயரைத் தானே கழற்றி வீசும் இடம் அது. நம்மில் எத்தனையோ பேர் வாய்விட்டுச் சொல்லாமல் அதைச் செய்திருக்கிறோம். தாய் தகப்பன் ஆசையாய் வைத்த பெயருக்கும் நாம் வந்து சேர்ந்த நிலைக்கும் பொருத்தமில்லை என்று கூசிய நாட்கள் யாருக்குத்தான் இல்லை?

இந்த இடத்தைப் பல வருடங்களாகப் படித்திருக்கிறேன். அதற்கு அடுத்த வரியைக் கவனித்தது பிந்தித்தான். மாரா என்று கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், கதை சொல்பவர் நகோமி திரும்பி வந்தாள் என்று எழுதிவிடுகிறார். நான்கே அதிகாரமுள்ள சிறிய ஏடு அது. அதன் கடைசி வரை யாரும், ஒரே ஒரு தடவைகூட, அவளை மாரா என்று அழைக்கவில்லை. அவள் மன்றாடிக் கேட்டும் ஊர் அந்தக் கசப்பை வாயில் வைக்கவில்லை. முடிவில் ரூத்துக்குக் குழந்தை பிறக்கிறது. நகோமி அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அப்போது குழந்தைக்குப் பெயரிடுகிறவர்கள் யாரென்று பார்த்தால், தாயுமல்ல, தகப்பனுமல்ல, பாட்டியுமல்ல: அண்டை வீட்டுப் பெண்கள். ஓபேத் என்று அவர்கள் இட்ட பெயரே நின்றது. தாவீது அரசனின் பாட்டன் அந்தப் பிள்ளை.

எழுத்துக்கு அண்டை எழுத்துப்போல, மனிதருக்கு அண்டை மனிதர். நாம் குழந்தைக்குப் பெயர் இடுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பெயர் இடப்படும் நாளில் அதைத் தன்னுடையதென்று அறியாமல் தூங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு உயிர், நான்கரை மாதத்தில் தன் பெயரின் ஓசையைப் பிற ஓசைகளிலிருந்து பிரித்துக் கேட்கத் தொடங்குவதாக 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருப்பதைப் பார்த்தால், பொருளோ வேதாகமக் கதையோ புனிதரோ அதற்குப் போய்ச் சேர்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே அதன் உள்ளத்தில் இறங்கிவிடுவது, அந்தப் பெயரைச் சொன்ன வாய்களின் சூடும் குளிரும்தான் என்று தோன்றுகிறது. இடுகுறியாக விழுந்த பெயர், கூப்பிடக் கூப்பிடக் காரணப்பெயராகிறது; அந்தக் காரணத்தைப் படைப்பவர்கள் தாயும் தகப்பனும் மாத்திரமல்லர், வாத்தியாரும் கங்காணியும் கடைக்காரரும் கந்தோர்க்காரரும், வேலிக்கு அப்பால் துணி காயப்போடுகிறவரும்தான். நம் கையில் இருப்பது ஒரு ஓசையைத் தேர்ந்து கொடுப்பது மட்டுமே என்றும், அதன் மென்மையையோ வன்மையையோ நாள்தோறும் நிச்சயிக்கும் அதிகாரத்தை அறிமுகமற்ற ஆயிரம் நாவுகளிடம் நம்பி ஒப்படைத்துவிடுகிறோம் என்றும், அதே சமயம் பிறர் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் விஷயத்தில் அந்த ஆயிரம் நாவுகளில் ஒன்று நம்முடையதே என்றும் உணரும்போதுதான், மெல்லினத்தைத் தேடும் தாயின் ஆசை எவ்வளவு பெரிய கடனை நம்மேல் எழுதி வைக்கிறது என்பது விளங்குகிறது. உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று எண்ணி அழுதுகொண்டு நின்ற மகதலா மரியாளுக்கு முகம் அடையாளம் காட்டவில்லை. மரியா என்று அவர் கூப்பிட்ட மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். அந்த ஊரில் அப்பெயரைத் தாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கூப்பிட்ட விதம் ஒருவருக்கே உரியதாயிருந்தது.

இதையெல்லாம் நான் தம்பி மகளிடம் சொல்லவில்லை. ரூத்தின் ஏட்டை மட்டும் எடுத்துக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுத் தாளில் லேயாவையும் அன்னாவையும் வெட்டினாள். மாமியார்க்காரி அடுப்படியிலிருந்தே, "மூணு சாவு பார்த்தவ பேரு நம்ம புள்ளைக்கு எதுக்கு?" என்றார். செக்கரியாவின் வீட்டு உறவினர் இன்னும் சாகவில்லை. மரியாவா நகோமியா என்று தீரவில்லை. பிறப்பைப் பதிய 42 நாள் தவணை. அதில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நான் புறப்பட்டபோது பக்கத்து வீட்டு அம்மா வேலியருகே வந்து, குழந்தையை எட்டிப் பார்த்து, "மெனிக்கே" என்றார். மாணிக்கம் என்று பொருள்; மலைநாட்டுச் சிங்களக் கிழவிகள் சிறுமிகளைச் செல்லமாய்க் கூப்பிடுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக அவர் அப்படித்தான் கூப்பிடுகிறாராம். குழந்தை குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.